கடனே வாங்காதவருக்கு கார்டு கிடையாதா?

முதல் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பிப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவை

கரண்ட் பில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. வீட்டு வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டாது. ஏலச் சீட்டை நடுவில் எடுத்த பிறகும் கடைசித் தவணை வரை ஒழுங்காகக் கட்டி முடித்தாயிற்று. யாருக்கும் பத்து ரூபாய் பாக்கி இல்லை. தெருவுக்குத் தெரு இப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்க்கலாம். இந்தக் குடும்பத்தில் ஒருவர் முதல்முறையாக கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தால், ‘தற்போது உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை’ என்று குறுஞ்செய்தி வருகிறது. கிளைக்குப் போய் விசாரித்தால், “உங்களுக்கு சிபில் இல்லை சார்” என்கிறார்கள்.

கடன் வாங்காமல் வாழ்வதே கவுரவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவருக்கு இந்தப் பதில் அவமானமாகப் படுகிறது. நாம் என்ன தப்பு செய்தோம் என்று மனம் குமைகிறது. தப்பு எதுவும் இல்லை. அவருடைய நாணயம் அவரைச் சுற்றியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். வங்கியின் கணினிக்கு மட்டும் தெரியாது. அதைத் தெரியவைக்க வழி இருக்கிறது. பெரிய சம்பளமோ சிபாரிசோ தேவையில்லை. கொஞ்சம் டெபாசிட்டும், ஆறு மாதப் பொறுமையும், சில உரிமைகளைப் பற்றிய அறிவும் போதும்.

வங்கி எங்கே பார்க்கிறது?

நாம் ‘சிபில்’ என்று சொல்வது ஒரு நிறுவனத்தின் பெயர். 2000-ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம் இன்று டிரான்ஸ்யூனியன் சிபில் என்று அழைக்கப்படுகிறது. இதே வேலையைச் செய்ய ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்திருக்கிறது. 2005-ம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் நான்கும் இயங்குகின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்களிடம் கடன் வாங்கியவர்களின் விவரங்களை இவற்றுக்கு அனுப்புகின்றன. முன்பு மாதம் ஒருமுறை போய்க்கொண்டிருந்த தகவலை 2025 ஜனவரி முதல் 15 நாளுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. இந்தத் தகவல்களை வைத்துத்தான் 300 முதல் 900 வரையிலான ஸ்கோர் போடப்படுகிறது.

இந்தப் பதிவேட்டில் எது ஏறும், எது ஏறாது என்பதில்தான் நம்மவர்களின் சிக்கல் இருக்கிறது.

வங்கியில் வாங்கிய கல்விக் கடன், வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வைத்த நகைக் கடன், டூ வீலர் கடன், கடையில் வட்டியில்லாத் தவணைக்கு எடுத்த ஃபிரிட்ஜ், செல்போன் ஆகியவற்றுக்கான கடன் எல்லாம் ஏறும். அடகுக் கடையில் வைத்து மீட்ட வளையல் ஏறாது. சீட்டு ஏறாது. மளிகைக் கடை அக்கவுண்ட், தண்டல்காரரிடம் தினமும் கட்டிய காசு, கைமாற்று எதுவும் ஏறாது. டெபிட் கார்டில் எவ்வளவு செலவு செய்தாலும், ஒரு நாளைக்கு முப்பது தடவை யுபிஐ-யில் அனுப்பினாலும் அது உங்கள் பணம், கடன் அல்ல. எனவே ஸ்கோருக்குக் கணக்கில்லை. சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணமும் அப்படியே.

இருபது வருடம் சீட்டு கட்டிய ஒழுக்கம் வெள்ளைத் தாளாகவே நிற்பது இதனால்தான்.

மைனஸ் ஒன்று

கடனே வாங்காதவரின் ரிப்போர்ட்டில் ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் ‘-1’ என்றோ, ‘என்.ஹெச்.’ என்றோ இருக்கும். ‘மைனஸ்’ என்றதும் பலர் பதறுகிறார்கள். அது மோசமான மதிப்பெண் அல்ல. மதிப்பிட எதுவும் இல்லை என்பதற்கான குறியீடு, அவ்வளவுதான். 550 வாங்கியவர் எங்கோ தவணை தவறியவர். மைனஸ் ஒன்று வாங்கியவர் தவறுவதற்கே வாய்ப்பு வராதவர். இருவரையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம்.

அரசும் இதைச் சொல்லியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சௌத்ரி அளித்த பதிலில், கடன் கொடுக்கக் குறைந்தபட்ச ஸ்கோர் எதையும் ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கவில்லை என்பதைத் தெளிவாக்கினார். முதல்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதையும் சுட்டிக்காட்டினார். ஆனாலும், யாருக்குக் கடன் தருவது என்று முடிவெடுக்கும் அதிகாரம் வங்கியிடமே இருக்கிறது. வருமானம், வேலை, வசிக்கும் இடம் என்று அவரவர் அளவுகோல்களும் உண்டு. ஆகவே இந்த அறிவுரையைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

முதல் வேலை, உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே வாங்கிப் பார்ப்பது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பான் எண்ணும் செல்போன் எண்ணும் கொடுத்தால் கிடைத்துவிடும். நம் ஸ்கோரை நாமே பார்த்தால் குறைந்துவிடும் என்று ஒரு பயம் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. அப்படிக் குறையாது. நீங்கள் விண்ணப்பித்து, அதற்காக வங்கி பார்ப்பதுதான் கணக்கில் ஏறும்.

ரிப்போர்ட்டைத் திறந்தால் ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகச் சிறு கட்டங்கள் இருக்கும், 36 மாதங்கள் வரை. கட்டத்தில் ‘000’ என்றோ ‘எஸ்.டி.டி.’ என்றோ இருந்தால் அந்த மாதம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்கள். ‘030’ என்றால் 30 நாள் தாமதம். நீங்கள் வாங்காத கடன் ஏதாவது தெரிகிறதா, முடித்த நகைக் கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டுகிறதா என்று ஒரு வரி விடாமல் பாருங்கள்.

இனிஷியல் செய்யும் கோளாறு

நம் ஊருக்கே உரிய பிரச்னை இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் ‘செல்வி மு’ என்று இருக்கும். பான் கார்டு விண்ணப்பம் இனிஷியலை ஏற்காது. விரித்து எழுதச் சொல்லும். ஆகவே அதில் ‘செல்வி முருகன்’. கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து ரேஷன் கார்டில் வேறு மாதிரி. வங்கிப் பாஸ்புக்கில் இன்னொரு மாதிரி. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் வேறு.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் கணினி, பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரி எல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பொருந்தாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடலாம். முன்பு வாங்கிய கல்விக் கடனோ நகைக் கடனோ வேறு பெயரில் பதிவாகி, உங்கள் கணக்கில் சேராமலே கிடக்கலாம். விண்ணப்பிக்கும் முன் பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரையும் பிறந்த தேதியையும் ஒன்றாக்கி விடுங்கள். அலைச்சல்தான். ஆனால், ஒருமுறை அலைந்தால் வீட்டுக் கடன் வாங்கும் நாள் வரைக்கும் உதவும்.

குழுக் கடன் கட்டிய கைகள்

தமிழ்நாட்டுப் பெண்களின் கடன் ஒழுக்கத்துக்குப் பெரிய சாட்சி மகளிர் சுயஉதவிக் குழுக்கள். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய முயற்சி பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. வாரா வாரம் கூடி, நோட்டில் எழுதி, ஒருத்தி கட்ட முடியாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்டி வளர்ந்த இயக்கம் அது.

அந்தக் கடன் வங்கியில் குழுவின் பெயரில்தான் இருந்தது. யார் எவ்வளவு வாங்கினார், யார் ஒழுங்காகக் கட்டினார் என்பது குழுவின் நோட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. உறுப்பினர் வாரியான தகவலையும் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016-ல் உத்தரவிட்டது. ஆகவே குழுவில் இருக்கும் பெண்கள், குறிப்பாக நுண்கடன் நிறுவனங்களிடம் வாங்கியவர்கள், ‘எனக்கெல்லாம் எங்கே சிபில்’ என்று விட்டுவிடாமல் நான்கு நிறுவனங்களின் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் இல்லாத வரலாறு இன்னொன்றில் இருக்கலாம். கட்டிய பணம் பதிவாகவில்லை என்றால், குழுவின் மூலம் வங்கி மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் உழைப்பின் கணக்கு.

டெபாசிட் கொடுத்துத் திறக்கும் கதவு

வரலாறு இல்லாதவருக்கு இருப்பதிலேயே உறுதியான வழி, எஃப்.டி. போட்டு வாங்கும் கிரெடிட் கார்டு. பொதுத்துறை, தனியார் என்று பல வங்கிகள் இதைத் தருகின்றன. எவ்வளவு டெபாசிட் வேண்டும் என்பது வங்கிக்கு வங்கி மாறும். 15,000, 20,000, 25,000 என்பவை வழக்கமாகக் காணும் தொகைகள். இதைவிடக் குறைவாகக் கேட்பவர்களும் உண்டு. டெபாசிட்டில் முக்கால் பங்கிலிருந்து முழுத் தொகை வரை கார்டின் லிமிட்டாகத் தருவார்கள். டெபாசிட்டுக்கு வரவேண்டிய வட்டி வந்துகொண்டே இருக்கும். கார்டு இருக்கும் வரை அந்த எஃப்.டி-யை உடைக்க முடியாது. பில் கட்டாமல் விட்டால் வங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். வங்கிக்கு நஷ்ட பயம் இல்லாததால் சம்பளச் சீட்டு, ஸ்கோர் என்று பெரிதாகக் கேட்பதில்லை. கல்லூரி மாணவர், இல்லத்தரசி, தையல் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், ஓய்வு பெற்றவர் என்று யாரும் வாங்கலாம்.

வாங்கும் முன் வங்கியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, முதல் வருடம் மட்டும் இலவசமா, எப்போதுமே இலவசமா? என் டெபாசிட்டில் எத்தனை சதவீதம் லிமிட்? என் கட்டண விவரம் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகிறதா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். பார்க்க கார்டு போலவே இருக்கும் ப்ரீபெய்டு அட்டைகள் உண்டு. அவற்றில் எவ்வளவு செலவழித்தாலும் வரலாறு உருவாகாது.

மாதச் சம்பளக்காரருக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. சம்பளம் வரும் அதே வங்கியில் கேட்பது. ஆறு மாதமோ ஒரு வருடமோ தவறாமல் சம்பளம் விழுவதை அந்த வங்கி நேரிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஸ்கோர் இல்லாத இடத்தில் அந்தப் பழக்கம் பேசும். சொந்தத் தொழில் செய்பவர்கள், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து வைக்க வேண்டும். கையில் வாங்கும் பணத்தையும் கணக்கில் போட்டு எடுக்க வேண்டும். வருமானத்துக்கு வேறு சாட்சி கிடையாது.

அப்பாவின் கார்டில் ஆட்-ஆன் கார்டு வாங்கிக் கொடுத்தால் பிள்ளைக்கு வரலாறு வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். நம் நாட்டில் அந்தச் செலவும் பொறுப்பும் அப்பாவின் கணக்கில்தான் சேரும். பிள்ளையின் பெயரில் தனி கார்டு இருந்தால்தான் அவருடைய வரலாறு தொடங்கும்.

முதல் ஆறு மாதம்

கார்டு கைக்கு வந்த பிறகு ஸ்கோர் உருவாகச் சுமார் ஆறு மாதம் ஆகும். இந்த ஆறு மாதம் விதைத்த வயலுக்குச் சமம்; அவசரப்பட்டுக் கிளறக் கூடாது.

20,000 ரூபாய் லிமிட் என்றால் மாதம் 6,000-க்கு மேல் போகாமல் பாருங்கள். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் நிற்பவரைக் கையை அடக்கிச் செலவு செய்பவராக வங்கிகள் பார்க்கின்றன. எப்படியும் செய்யும் செலவையே கார்டுக்கு மாற்றுங்கள்: பெட்ரோல், கேஸ், செல்போன் ரீசார்ஜ், மருந்து. கார்டு வந்ததற்காகப் புதுச் செலவு எதையும் உண்டாக்காதீர்கள்.

ஸ்டேட்மென்ட் தேதியையும் கடைசித் தேதியையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். மாதம் 15-ந் தேதி ஸ்டேட்மென்ட் போடுகிறார்கள், கடைசித் தேதி அடுத்த மாதம் 5 என்று வைத்துக்கொள்வோம். 15 வரை செய்த செலவு எல்லாம் அந்த பில்லில் வரும். அதை 5-க்குள் முழுதாகக் கட்டினால் ஒரு பைசா வட்டி இல்லை. சேமிப்புக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகப் போகும்படி ‘ஆட்டோ டெபிட்’ போட்டுவிடுங்கள். அப்படிப் போடும்போது ‘மினிமம் டியூ’ என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ‘டோட்டல் டியூ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஏன் இந்த வற்புறுத்தல்? ஒரு கணக்குப் பார்ப்போம். பில் 20,000 ரூபாய். மினிமம் டியூ 5 சதவீதம், அதாவது 1,000 ரூபாய். அதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்கள். கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் 700 ரூபாய். வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 126 ரூபாய். ஏறக்குறைய 826 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போய்விடும். நீங்கள் கட்டிய ஆயிரத்தில் அசலில் கழிவது 174 ரூபாய்தான். பழைய பாக்கி இருக்கும் வரை, அடுத்து வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் 3.5 என்பது வருடத்துக்கு 42 சதவீதம். கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்ன தீர்ப்பையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே நம் பாதுகாப்பு, முழு பில்லையும் கட்டுவதில்தான் இருக்கிறது. அப்படிக் கட்ட முடியாத அளவுக்கு வருமானம் ஏறி இறங்குகிறது என்றால், கார்டைத் தள்ளிப்போடுவதே குடும்பத்துக்கு நல்லது.

கார்டைத் தேய்த்து ஏடிஎம்மில் பணம் எடுப்பதை மறந்துவிடுங்கள். எடுத்த நிமிடமே கட்டணம், அன்றிலிருந்தே வட்டி.

தவிர்க்க வேண்டியவை

ஒரு வங்கி மறுத்துவிட்டால், அதே வாரத்தில் ஐந்து வங்கிகளில் விண்ணப்பிக்கும் பழக்கம் ஆபத்தானது. ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் தேதியோடு பதிவாகும். அதைப் பார்க்கும் ஆறாவது வங்கி, இவர் பணத்துக்காகத் தவிக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளும். மறுப்பு வந்தால் காரணத்தைச் சரிசெய்துவிட்டு, சில மாதம் கழித்து முயல்வதே முறை.

ஆன்லைனில் பொருள் வாங்கும்போது ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்று ஒரு பொத்தான் வரும். பல செயலிகளில் அதை அழுத்துவதே ஒரு கடன் கணக்கைத் திறப்பதுதான். 300 ரூபாய் பாக்கியை மறந்தாலும் தாமதம் தாமதம்தான்.

நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள். அவர் கட்டத் தவறினால் அது உங்கள் ரிப்போர்ட்டிலும் தெரியும். ‘ஸ்கோரை ஏற்றித் தருகிறோம், ஐயாயிரம் கொடுங்கள்’ என்று வரும் ஏஜென்ட்டுகளுக்குக் காசும் ஓ.டி.பி-யும் தராதீர்கள். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்த நீங்களே இலவசமாக விண்ணப்பிக்கலாம்.

இந்தப் பதிவேட்டின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு ஓர் உதாரணம்: கடன் பதிவு மோசமாக இருந்ததால் ஒருவரின் பணி நியமனத்தை பாரத ஸ்டேட் வங்கி ரத்து செய்தது செல்லும் என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கி வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

மறுத்தால் காரணம் கேளுங்கள்

வங்கி ‘முடியாது’ என்றதும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வருபவர்களுக்குத்தான் இந்தப் பகுதி. கிரெடிட் கார்டு விண்ணப்பத்தை நிராகரித்தால், அதற்கான குறிப்பான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட கார்டு விதிகள் சொல்கின்றன. ‘உள் கொள்கைப்படி’ என்று மழுப்பினால் விடாமல் கேளுங்கள். உங்களைப் பற்றி வங்கி எடுத்த கடன் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்கவும் 2005 சட்டத்தின் 21-வது பிரிவு உரிமை தருகிறது.

ரிப்போர்ட்டில் தவறு இருந்து நீங்கள் புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கு இழப்பீடு. கார்டை ரத்து செய்யச் சொல்லி, பாக்கியும் இல்லாத நிலையில், ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய். கேட்காமலே கார்டு அனுப்புவது தடை செய்யப்பட்டிருக்கிறது. வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்கள் மீதான புகாரையும் அங்கே கொடுக்க முடிகிறது. விவரம் அறிய 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

வங்கிகளும் மாற வேண்டும்

நாட்டில் புழக்கத்தில் இருக்கும் கிரெடிட் கார்டுகள் 2024 தொடக்கத்தில் பத்துக் கோடியைத் தாண்டின. ஒரே ஆள் மூன்று நான்கு வைத்திருப்பதும் இதில் அடக்கம். மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் வெளியே நிற்பவர்களே மிக அதிகம்.

அவர்களின் நாணயத்தைப் பார்க்க இன்று கருவி இல்லாமல் இல்லை. வாடிக்கையாளரின் சம்மதத்தோடு வங்கிக் கணக்கு விவரங்களை இன்னொரு நிறுவனத்துக்குப் பாதுகாப்பாகக் காட்டும் ‘அக்கவுண்ட் அக்ரிகேட்டர்’ முறை 2021-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. மாதா மாதம் வாடகை போவதையும், கரண்ட் பில் தவறாததையும், சிறுவியாபாரியின் கணக்கில் தினமும் யுபிஐ பணம் விழுவதையும் அதில் பார்க்க முடியும். அதைப் பார்த்து 10,000 ரூபாய் லிமிட்டிலாவது கார்டு கொடுக்கும் மனது வங்கிகளுக்கு வர வேண்டும். கையில் டெபாசிட் போடப் பணம் இருப்பவருக்குத்தான் முதல் கார்டு என்றால், அந்தப் பணமும் இல்லாத நேர்மையானவர் எங்கே போவார்? மீட்டர் வட்டிக்காரரிடம்தான் போவார். அங்கே எத்தனை வருடம் ஒழுங்காகக் கட்டினாலும் அடுத்த கடனின் வட்டி குறையப் போவதில்லை.

வங்கிகள் மாறும் வரை நாம் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ரிப்போர்ட்டை எடுங்கள். பெயரைச் சரிசெய்யுங்கள். முடிந்தால் சிறிய எஃப்.டி. போட்டு ஒரு கார்டு வாங்கி, ஆறு மாதம் முழு பில்லையும் கட்டிக் காட்டுங்கள். வீட்டில் 18 வயதான பிள்ளை இருந்தால், அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து இதைச் செய்யுங்கள். வீட்டுக் கடனுக்காக அவர் வங்கிக்குப் போகும் நாளில், ‘உங்களுக்கு சிபில் இல்லை’ என்று யாரும் அவரிடம் சொல்லக் கூடாது.